குளத்தைத் தாண்டிய பந்து

ஏப்ரல் 11

அன்புள்ள அண்ணிக்கு,

நான்கு தடவை போன் செய்தேன். நான்கு தடவையும் அடித்து ஓய்ந்தது. நீங்கள் அதற்கு எதிரிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, அது அலறுவதை முறைத்துக்கொண்டிருந்திருப்பீர்கள். அதனால்தான் கடிதம். தபால்காரர் கதவிடுக்கில் தள்ளிவிட்டுப் போய்விடுவார். அதை நீங்கள் எடுத்துத்தான் ஆக வேண்டும்.

பெண்கள் கோல்ஃப் போட்டி முடிவதற்குள் பையைத் தூக்கிக்கொண்டு, உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பஸ் ஏறியது தப்புதான். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஏழாம் குழியில் நடந்ததை இன்னொரு தடவை சொல்கிறேன். நீங்கள் பார்த்ததும் நான் பார்த்ததும் வேறு வேறு போலிருக்கிறது.

மில்லுக்குத் தண்ணீர் போகும் அந்தக் குளத்தை, பெண்கள் பந்தை வைத்து அடிக்கும் முன் மேட்டிலிருந்துகூட இதுவரை எந்தப் பெண்ணும் ஒரே அடியில் தாண்டியதில்லை. பத்தொன்பது வயதிலிருந்து நானும் அடித்துப் பார்க்கிறேன். என் பந்து எத்தனை அதற்குள் கிடக்கிறது என்று மீன்களைத்தான் கேட்க வேண்டும். அன்றைக்கு அடித்தேன். பந்து ஏறியது, எதிர்காற்றில் கொஞ்சம் தயங்கியது, பிறகு போய் அக்கரைப் புல்லில் விழுந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். நான் உங்களைத்தான் திரும்பிப் பார்த்தேன், அண்ணி. வேறு யாரையும் இல்லை.

"அது நீ அடிச்சது இல்ல. அந்த மட்டை அடிச்சது."

அத்தனை பேர் முன்னால்.

ஆமாம், புது மட்டைதான். தலை பன் ரொட்டி அளவு இருக்கிறது, எடையே தெரியவில்லை. கொஞ்சம் ஓரத்தில் பட்டாலும் பந்து கோணாமல் போகிறது. பிடி தடிமனாக இருக்கிறது. அந்தத் தடிமன் பிடிக்காகத்தான் வாங்கினேன். பொய்ப்பல் செய்யும் லேபில் முப்பத்தொரு வருடம் மெழுகு செதுக்கி என் கட்டைவிரல் மூட்டு இரண்டும் தேய்ந்துவிட்டது உங்களுக்குத் தெரியும். அண்ணன் போன நான்கு வருடமாக நான் மட்டையைத் தொடவே இல்லை. துக்கத்தில் என்று நினைத்திருப்பீர்கள். பாதி துக்கம், பாதி விரல்.

நீங்கள் கை தட்ட வேண்டாம். சும்மா இருந்திருக்கலாம்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 20

சின்னவளுக்கு,

போனை எடுக்காதது வேண்டுமென்றேதான். போனில் சொல்லிவிட்டால் சொன்னதுதான். எழுதினால் அடித்துவிட்டு வேறு எழுதலாம். இது மூன்றாவது தாள்.

அன்று சொன்னதை அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னது தப்பு என்று சொல்லவில்லை. சொன்ன இடம் தப்பு.

காகித மில் லேபில் இருபத்தெட்டு வருடம் தாள் கிழித்தவள் நான். எவ்வளவு இழுத்தால் கிழிகிறது என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. ஒரு வருடம் புதுக் கருவி வந்தது. வந்த வாரமே எல்லாத் தாளும் முன்னைவிட வலுவானதாகக் காட்டியது. மேனேஜர் கேக் வெட்டினார். நான் அதே தாளைப் பழைய கருவியில் மாட்டிக் கிழித்தேன். தாள் மாறவே இல்லை. நம் ஆட்டத்திலும் அதுதான் நடந்திருக்கிறது. மட்டையின் தலை மாறிவிட்டது, பந்து மாறிவிட்டது, ஆள் அதே ஆள். பழைய அளவோடு புது அளவைச் சேர்த்து வைத்து யாரும் கை தட்டக் கூடாது.

நீ போன பிறகு நடந்ததைக் கேள். இந்த மூன்று வாரத்தில் ஒன்பது பேர் குளத்தைத் தாண்டியிருக்கிறார்கள், ஆண்கள் அடிக்கும் பின் மேட்டிலிருந்தே. அதில் ஒருத்தி பள்ளிக்கூடத்துப் பெண். அடித்துவிட்டு, பந்து எங்கே விழுந்தது என்றுகூடப் பார்க்காமல் பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்தாள். கிளப் செயலாளர் வீட்டுக்கு வந்தார். "எல்லாரும் தாண்டுறாங்கம்மா. இனிமே அந்தப் பலகைக்கு என்ன அர்த்தம்? மேட்டையே நாப்பது கெஜம் பின்னால தள்ளப் போறோம்" என்றார்.

ஏழாம் குழியில் நிற்கும் அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கண்ணன் பெயர், தேதி, 'குளத்தை ஒரே அடியில் தாண்டி, கரையிலிருந்து பதினொரு தப்படியில் பந்தை இறக்கினார்.' அவர் பெயர் வெளியே எழுதியிருக்கும் இடம் அது ஒன்றுதான்.

பலகையை எடுப்பதை நான் பேசித் தடுத்துவிட்டேன். கூடவே ஒரு மனுவும் கொடுத்திருக்கிறேன். அடுத்த வருடத்திலிருந்து பெண்கள் போட்டியில் மரத்தலை மட்டை மட்டும்தான். கமிட்டி சரி என்று சொல்லிவிட்டது.

உன் மேல் கோபம் இல்லை. நீ விட்டுப் போன துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன்.

அண்ணி


ஏப்ரல் 29

அண்ணிக்கு,

துண்டுக்கு நன்றி. மனுவுக்கு என்ன சொல்வது?

உங்கள் கடிதம் வந்த அன்று பரண் மேலிருந்த என் பழைய மரத்தலை மட்டையை இறக்கினேன். மாடிக்குப் போய் இரண்டே தடவை வீசினேன். மூன்று நாள் மருந்து பாட்டில் மூடியைத் திறக்க முடியவில்லை. எதிர்வீட்டுக்காரம்மாவிடம் கொண்டுபோய் நீட்டினேன். நீங்கள் போட்ட விதிக்கு உங்கள் பாஷையில் அளவு என்று பெயர். என் பாஷையில் அது 'நீ வராதே'.

உங்களுக்குத் தாள் என்றால் எனக்குப் பல். முப்பத்தொரு வருடத்தில் எத்தனை ஆயிரம் பொய்ப்பல் செய்திருப்பேன். ஒரு பெரியவர், நான் செய்த பல்லைக் கட்டிக்கொண்டு லேப் வாசலிலேயே ஒரு ஆப்பிளைக் கடித்தார். கடித்துவிட்டு அழுதார். 'நீங்க கடிக்கல, பல்லுதான் கடிச்சுது' என்று அவரிடம் யாராவது சொன்னார்களா? பல்லைக் கழற்றி மேஜை மேல் வைத்துப் பாருங்கள், அது பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருக்கும். ஒரு ஆப்பிளையும் கடிக்காது. என் மட்டையும் மூலையில் சாய்ந்துதான் நிற்கிறது. தானாகப் போய் எந்தக் குளத்தையும் தாண்டவில்லை.

எல்லாருக்கும் சுலபமாகிவிட்டது என்கிறீர்கள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண்ணுக்கு அது சுலபமாக இருக்கலாம். எனக்கு அது சுலபம் இல்லை, அண்ணி. முடிகிறது, அவ்வளவுதான். முடியாமல் இருந்தவளுக்குத்தான் அதன் வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றும் சொல்கிறேன். முப்பத்துமூன்று வருடமாகச் சொல்லாதது. அண்ணன் குளத்தைத் தாண்டிய ஞாயிற்றுக்கிழமை காலை, நம் வீட்டுச் சமையலறையில் வெந்நீர் வைத்தவள் நான். சூடாக இருந்தால் பந்து கூடுதலாகப் பறக்கும் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தார். மூன்று பந்தை உங்கள் காபி ஃபிளாஸ்க்கில் போட்டு மூடினோம். ஏழாம் குழிக்குப் போனதும் ஒன்றை எடுத்துக் காலுறையில் துடைத்து வைத்தார். "அவகிட்ட சொல்லிடாத, விதிப்படி தப்புன்னு சொல்லி பலகைய புடுங்கிருவா" என்றார். பலகை வந்த பிறகு சொன்னது அது.

அவருடைய அடியை எது அடித்தது, அண்ணி? கையா, வெந்நீரா?

இந்தப் பத்தியை அடித்துவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள்தான் எழுதினால் அடிக்கலாம் என்றீர்களே. அடிக்கவில்லை.


மே 14

அண்ணிக்கு,

பதில் இல்லை. போனும் எடுக்கவில்லை. இந்தத் தடவை நீங்கள் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை என்று தோன்றுகிறது. அது இன்னும் பயமாக இருக்கிறது.

அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள். கிழிப்பதில் உங்களைவிடத் தேர்ந்தவர் யார்? கோபத்தில் எழுதினேன். அண்ணனைக் காட்டிக்கொடுத்துவிட்டேன். சாப்பிட்டீர்களா என்று மட்டுமாவது ஒரு வரி எழுதுங்கள்.

சின்னவள்


மே 27

சின்னவளுக்கு,

சாப்பிட்டேன். இன்றும் சாப்பிட்டேன், நேற்றும் சாப்பிட்டேன்.

உன் கடிதத்தைக் கிழிக்கவில்லை. முதலில் வந்தது கோபம். அவர் செய்ததற்காக இல்லை. நீங்கள் இரண்டு பேரும் என் சமையலறையில் எனக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்து, அதை இத்தனை வருடம் என்னோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டபடியே மறைத்ததற்காக. நான் அப்படி என்ன ராட்சசியா என்று யோசித்தேன். பிறகு, பலகையைப் பிடுங்கியிருப்பேன் என்பது உண்மைதான் என்றும் தோன்றியது.

அந்த ஃபிளாஸ்க் காபியில் ரப்பர் வாடை அடித்தது நினைவிருக்கிறதா? இரண்டு மாதம் பால்காரரைத் திட்டினேன். அந்த மனுஷன் சத்தியம் செய்தார், பாலை என் முன்னாலேயே குடித்துக் காட்டினார். நான் நம்பவில்லை. இது நினைவுக்கு வந்ததும் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சிரிப்பு எங்கே போய் முடிந்தது என்று எழுத மாட்டேன்.

ஆனால் நான் லேப்காரி. கேட்டதை அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டேன். அவர் மேஜை இழுப்பறையில் அந்தக் காலத்துப் பந்து இருபது இருந்தது. பழசுதான், ஆனால் இருபதும் ஒரே அளவு பழசு. பத்தை வெந்நீரில் போட்டேன், பத்தைச் சும்மா வைத்தேன். பயிற்சி மைதானத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து என் மரத்தலை மட்டையால் மாற்றி மாற்றி அடித்தேன். விழுந்த இடத்தையெல்லாம் தப்படி போட்டு அளந்து எழுதினேன். இரண்டு நாள் முதுகு பிடித்துக்கொண்டது.

சூடான பந்து சராசரியாக மூன்று தப்படி கூடுதலாகப் போனது. மூன்றுதான்.

அவர் அடி என் அடியைவிடப் பெரிய அடி, அதற்கு வித்தியாசமும் கூடும் என்பாய். சரி, இரண்டு மடங்கு வைத்துக்கொள். ஆறு. பந்து விழுந்தது பதினொரு தப்படியில். மிச்சம் ஐந்து. உங்கண்ணன் வெந்நீர் இல்லாமலேயே குளத்தைத் தாண்டியிருப்பார். அது அவருக்குத் தெரியாமலே போய்விட்டது. இத்தனை நாள் நான் பதில் எழுதாததற்கு அதுதான் காரணம். யாரிடம் போய்ச் சொல்வேன் இதை?

உன் பல் விஷயம் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். உன் கை இப்போது எப்படி இருக்கிறது?

அண்ணி


ஜூன் 6

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று தப்படி! அந்த மூன்று தப்படிக்காக நான் கையைச் சுட்டுக்கொண்டேன். வலது கை மணிக்கட்டில் இன்னும் தழும்பு இருக்கிறது. அடுப்பில் பட்டது என்று சொன்னபோது நீங்கள்தான் களிம்பு போட்டுவிட்டீர்கள்.

கை பரவாயில்லை. மூடி திறக்கிறேன்.

உங்களோடு சண்டை போட்டாலும் ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. இந்தப் புது மட்டையால் ஏதோ ஒன்று போய்விட்டது. நீங்கள் சொல்லும் அளவு இல்லை அது. நான் இங்கே சேர்ந்திருக்கும் கிளப்பில் வாரம் ஒரு தடவை ஆடுகிறேன். நாலு பேர் அடிக்கிறோம். நாலு பந்தும் நேராகப் போகின்றன. நாலு பேரும் நேராக நடக்கிறோம். ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் யாரோடு ஆடினேன் என்றே நினைவில்லை.

நம் காலத்தில் எத்தனை நேரம் தேடினோம்! நான் அடித்தால் வலப்பக்கம் பம்ப் ஹவுஸ் புதர், நீங்கள் அடித்தால் இடப்பக்கம் மரக்கட்டை அடுக்கு, அண்ணன் அடித்தால் எங்கே வேண்டுமானாலும். ஆட்டம் பாதி, தேடல் பாதி. நீங்கள் மில் லேபில் புதிதாகச் சேர்ந்து மைதானத்துக்கு வர ஆரம்பித்த நாட்களில், அண்ணன் உங்களிடம் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் வியர்த்துக் கொட்டும். மேட்டில் நின்றால் பேச்சே வராது. புல்லுக்குள் தலையைக் குனிந்துகொண்டால் வந்துவிடும். நீங்களும் அப்படித்தான். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டே பேசியதுதான் உங்கள் காதல் கதை.

ஒரு நாள் உங்கள் பந்து காணாமல் போனது. முக்கால் மணி நேரம் தேடினோம். பின்னால் வந்தவர்கள் நம்மைத் திட்டிக்கொண்டே தாண்டிப் போனார்கள். அன்றைக்குத்தான் அண்ணன் உங்களைக் கேட்டார். அந்தப் பந்து முதல் இரண்டு நிமிடத்திலேயே கிடைத்துவிட்டது, அண்ணி. என் செருப்புக்குக் கீழே இருந்தது. நான் அதன் மேலேயே நின்றுகொண்டு, 'இங்க இல்லையே, அந்தப் பக்கம் பாருங்க' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனி உங்களிடம் மறைக்க எதுவும் பாக்கி இல்லை.

சின்னவள்


ஜூலை 2

சின்னவளுக்கு,

முக்கால் மணி நேரம் ஒரே இடத்தில் நின்றவளைப் பார்த்து அன்றைக்கே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு வேறு வேலை இருந்தது.

கமிட்டிக் கூட்டத்துக்குப் போனேன். இரண்டு விஷயம் சொல்ல வேண்டும் என்று எழுந்து நின்றேன்.

முதல் விஷயம், மரத்தலை விதியை நான் திரும்பப் பெறுகிறேன் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். "என் நாத்தனாருக்கு விரல் தேஞ்சு போச்சு. பழைய மட்டையப் பிடிக்க முடியாது. அவ இல்லாம நடக்கிற போட்டியில எனக்கு எதை அளக்கணும்னு தெரியல" என்றேன். வேண்டுமென்றால் பழைய மட்டைக்காரர்கள் தனியாக ஒரு நாள் ஆடிக்கொள்ளட்டும் என்று முடிவானது. மேட்டைப் பின்னால் தள்ளுவதும் முடிவானது. பள்ளிக்கூடப் பெண்ணுக்கும் தண்ணீர் கொஞ்சம் பயம் காட்டத்தான் வேண்டும். அதில் நான் மாறவில்லை.

பிறகு இரண்டாவது விஷயத்துக்கு வந்தேன். பலகையை எடுத்துவிடுங்கள் என்றேன். வெந்நீர், ஃபிளாஸ்க், காலுறை, எல்லாம் சொன்னேன். வெந்நீர் வைத்தது யார் என்று மட்டும் சொல்லவில்லை. தப்பு என்று தெரிந்த பிறகு ஒரு அளவை எழுதி வைக்கக் கூடாது, அது அவருடையதாக இருந்தாலும்.

மில் ஸ்டோர்கீப்பராக இருந்தவரை உனக்கு நினைவிருக்கும், இப்போது காது கேட்காது, ஊன்றுகோலோடு வருகிறார். பக்கத்தில் இருந்தவர் அவர் காதுக்குள் கத்தி விஷயத்தைச் சொன்னார். அவர் என்னைப் பார்த்து, "ஃபிளாஸ்க்குதானேம்மா? அந்தக் காலத்துல நாங்க எல்லாருமே சுடுதண்ணியில போட்டோம். நான் பாய்லர் ரூம்ல வச்சுச் சுட வச்சேன். அப்படியும் ஒருத்தன் பந்தும் அக்கரைக்குப் போகல. அவன் பந்துதான் போச்சு" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர் மேஜையில் தலையை வைத்துச் சிரித்தார். பலகை இருக்கட்டும் என்று கை தூக்கினார்கள். நான் தூக்கவில்லை. ஆனாலும் மறுநாள் காலை ஈரத்துணியோடு போய்ப் பலகையைத் துடைத்துவிட்டு வந்தேன்.

பெரிய போட்டிக்கு இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது. அதுவரை காத்திருக்க வேண்டுமா? உன் மட்டையையும் எடுத்துக்கொண்டு வா.

அண்ணி


ஜூலை 10

அண்ணிக்கு,

அடுத்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை, காலை பஸ். பஸ் ஸ்டாண்டுக்கு வர வேண்டாம், நானே வந்துவிடுவேன். வந்தால் நீங்கள் என் பையைப் பிடுங்குவீர்கள், நான் தர மாட்டேன், நடுரோட்டில் இழுபறியாகிவிடும்.

மனு விஷயத்தை எழுதி எழுதி மூன்று தாள் அடித்துவிட்டேன். நேரில் சொல்கிறேன்.

சின்னவள்


ஆகஸ்ட் 24

சின்னவளுக்கு,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததாகக் கடிதம் வந்தது.

நீ இருந்த மூன்று நாளும் நன்றாகப் போயின. வீட்டில் இரண்டு பேர் செருப்பு வாசலில் கிடப்பதைப் பார்த்து எத்தனை நாளாயிற்று. நாம் இருவரும் மூன்றாம் குழியிலேயே உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்து, பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னே போகச் சொன்னது உனக்கு நினைவிருக்கும். எண்ணிக்கையை எந்த இடத்தில் விட்டோம் என்று எனக்குத் தெரியவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஆட்டக் கணக்கை எழுதாமல் வீட்டுக்கு வந்தேன்.

உன் மட்டையை என் கையில் கொடுத்தாய் அல்லவா, அன்றைக்கு நான் ஒரே ஒரு பந்து அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்ததும் உனக்கு முகம் வாடிவிட்டது. பிடிக்கவில்லை என்று நினைத்தாய். அப்படி இல்லை. சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை, பாத்திரம் விழுந்த மாதிரி இருக்கிறது. ஆனால் பந்து போன தூரத்தைப் பார்த்தேன். நான் முப்பது வயதில் அடித்த தூரம். சுலபமாகத்தான் இருந்தது. அந்த நிமிடம் ஒன்று தோன்றியது, அதனால்தான் இன்னொன்று அடிக்கவில்லை.

உங்கண்ணனுக்காகத்தானே இத்தனை நாள் புது மட்டையை எதிர்த்தேன். அவர் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார்? கடை திறப்பதற்கு முன்னாலேயே போய் ஷட்டர் வாசலில் நின்றிருப்பார். மில்லிலேயே முதல் ஆளாக வாங்கியிருப்பார். வீட்டுக்கு வந்து, கூடத்தில் நின்று வீசி, டியூப் லைட்டை உடைத்திருப்பார். நான் கத்தியிருப்பேன். இரவு சாப்பாட்டில் இரண்டு பேரும் பேசியிருக்க மாட்டோம். மறுநாள் காலை மைதானத்தில் என் கையில் கொடுத்து, 'ஒண்ணே ஒண்ணு அடிச்சுப் பாரேன்' என்றிருப்பார். நானும் அடித்திருப்பேன்.

நேற்று அந்தக் கடைக்குப் போனேன். இப்போதெல்லாம் ஆளுக்குத் தகுந்தபடி செய்து தருகிறார்களாம். ஒரு படிவம் கொடுத்து, உயரம், கை நீளம், விரல் நீளம் எல்லாம் எழுதச் சொன்னார்கள். பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் படிவத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "யாருக்கும்மா மட்டை? ஆறடிக்கு ரெண்டு அங்குலம் கம்மின்னு போட்டிருக்கீங்க?" என்றார்.

படிவத்தைக் கேட்டு வாங்கி, உங்கண்ணன் உயரத்தை அடித்துவிட்டு என் உயரத்தை எழுதினேன். வியாழக்கிழமை வந்துவிடுமாம்.

அண்ணி